டேப் வாங்கும் முன் ஒரு வார்த்தை

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். "பையன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான், பழைய டேப் போதுமா, புதிது வாங்கலாமா?" என்று இந்த மாதம் பலர் கேட்டுவிட்டீர்கள். பள்ளி வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளி யாரையும் டேப் வாங்கச் சொல்லவில்லை. அது இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் எந்தக் குறையும் வராது.

போன வாரம் ஒரு அம்மா மகளின் டேப்பைக் கொண்டுவந்தார். 32 ஜிபி, மூன்று வருடப் பழசு. "எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்றார். தவணையில் புதிது எடுக்க விலைகூட விசாரித்து வைத்திருந்தார். எங்கள் கணினி ஆசிரியர் செட்டிங்ஸில் பார்த்தால், மிச்ச இடம் ஒரு ஜிபிகூட இல்லை. தாத்தாவின் சதாபிஷேக வீடியோக்கள், வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள், பாதியில் நின்ற விளையாட்டுகள் என்று எல்லாம் அதற்குள்தான். சதாபிஷேகத்தைப் பென்டிரைவுக்கு மாற்றி, மற்றதை அழித்து, ஒருமுறை அணைத்துப் போட்டார். அறிவியல் புத்தக பிடிஎஃப் உடனே திறந்தது. தவணைப் பணம் மிச்சம்.

எல்லா டேப்பும் இப்படித் தேறிவிடாது. பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நின்றது என்று செட்டிங்ஸிலேயே தெரியும். அது நின்று வருடக்கணக்கானால், செயலிகளும் ஒவ்வொன்றாக வேலை செய்ய மறுக்கும், அப்போது மாற்றலாம். விலை அதிகமான ஐபேடுக்கும் இதே கதைதான்: 2018இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேடுக்கு, அதை இயக்கும் மென்பொருளின் ஐபேட்ஓஎஸ் 18 பதிப்பு கிடைக்கவில்லை. சார்ஜ் நிற்காதது மட்டும்தான் குறை என்றால் பேட்டரியை மாற்றினால் போதும். ஆனால் பேட்டரி உப்பி, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றால், அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

சரி, வாங்கியே ஆகவேண்டும் என்றால்? பெட்டியில் '8 ஜிபி ரேம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ரேம் என்பது செயலிகள் ஓடும்போது டேப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். கீழே பொடி எழுத்தில் '4+4' என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது 4 உண்மையான ரேம் அல்ல, படமும் செயலியும் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, வேகமும் குறைவு. பாடத்துக்கு நிஜமான 4 ஜிபி போதும், 6 இருந்தால் நிம்மதி. காசை ஸ்டோரேஜில் போடுங்கள்: 64 ஜிபிக்குக் கீழே வேண்டாம், முடிந்தால் 128. "மெமரி கார்டு போட்டுக்கலாம்" என்பார் கடைக்காரர். போடலாம், படமும் வீடியோவும் அதில் போகும். செயலிகளில் பெரும்பாலானவை உள்ளேதான் உட்காரும்.

திரை 10 அங்குலத்துக்குக் குறைந்தால் பாடப்புத்தகப் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்கவேண்டும். வீட்டில் வைஃபையோ அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்டோ இருந்தால் சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. அப்புறம், கடைக்குப் போகும்போது ஒரு பாடப்புத்தகத்தை எடுத்துப் போங்கள். மலிவான சில டேப்களின் பின்பக்க கேமரா, கிட்டே இருப்பதை மங்கலாகக் காட்டும். புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடு கேமராவில் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரை கணினி அறை திறந்திருக்கும். பழைய டேப்பையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிவாருங்கள், பாஸ்வேர்டு அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்