131 நாள் கணக்குப் பார்த்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் முடிந்து 40 நாள் ஆகிறது. தெருமுனை டீக்கடை வரை தானாக நடந்து போய் வருகிறார். என்னிடம் சொல்லாமல் அங்கே டீ குடிப்பதும் தெரியும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக் கொடுக்கும் கடைக்கார அண்ணனுக்கு முதல் நன்றி. வீடு வீடாக வந்து சொல்லத்தான் நினைத்தேன். போகிற வீட்டில் எல்லாம் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பீர்கள், அது ஒரு நாளில் முடிகிற காரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று இடத்தில் அடைப்பு, ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்ன கையோடு முன்பணமும் கேட்டார்கள். நான் கழுத்தில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கியாம்மா?" என்று கேட்டவர் பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணைக்கு வந்திருந்த ஓர் அம்மா. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் வேண்டும் என்று அவர்தான் விரல் விட்டுச் சொன்னார். 2022 ஜனவரிக்கு முன்னால் இந்த வரம்பு 72,000தான். பழைய வரம்பே இருந்திருந்தால் நாங்கள் வாசலோடு திரும்பியிருப்போம்.

சரி, வருமானச் சான்று வாங்கிவிட்டால் முடிந்தது என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கேதான் இடித்தது. இவர் பெயிண்டர், தினக்கூலி 800 ரூபாய் என்றேன். அங்கிருந்தவர் 800ஐ 30 நாளால் பெருக்கி, அதை 12 மாதத்தால் பெருக்கி, 2,88,000 என்று எழுதிவிட்டார். கணக்கில் தப்பில்லை. ஆனால் மாதம் 30 நாளும் வேலை கிடைக்கிற பெயிண்டர் எந்த ஊரில் இருக்கிறார்? விண்ணப்பம் திரும்பி வந்த அன்று, காகிதத்தில் பணக்காரியாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாளே ஒருவர், 3,000 கொடுத்தால் எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் சான்று வாங்கித் தருகிறேன் என்று வாசலுக்கு வந்தார். அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

தலையாரியாக இருந்து ஓய்வுபெற்ற தாத்தாதான் என்னை உட்கார வைத்து விளக்கினார். "கூலியைச் சொல்லாதேத்தா, வேலை பார்த்த நாளைச் சொல்லு. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவார், அவரிடம் காட்ட ஏதாவது வேண்டும்" என்றார். அப்புறம் மேஸ்திரி அண்ணன் கூலி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் எதிர்வீட்டு மதினியும் ஒரு ராத்திரி முழுக்க அதை எண்ணினோம். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவர்ப் பக்கம் போக முடியாது. ஆடியில் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்சுவதில்லை. பொங்கலுக்கு முன்னால் மட்டும் பக்கம் முழுக்க கோடு. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கோடே குறைந்து போயிருந்தது. கூட இருந்தும் எனக்குத் தெரியாத அவருடைய நோய், அந்த நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

மொத்தம் 131 நாள். 1,04,800 ரூபாய். நான் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிற மாதம் ஆயிரத்தைச் சேர்க்க வேண்டுமா என்று மதினி தயங்கினார். சேர்த்தோம். 1,16,800. அப்படியும் 3,200 ரூபாய் இடைவெளியில் உள்ளே வந்துவிட்டோம். திரும்பவும் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார், மேஸ்திரியிடமும் கேட்டார். அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் நேர்மையாகக் கேட்டார், அதற்கு நன்றி. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகர்ந்து சான்று வந்தது.

கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு அறைக்கு எங்களை ஏற்றிப்போன ஆட்டோத் தம்பி வாடகை வாங்க மறுத்துவிட்டான். ரேஷன் கார்டில் ஓர் எழுத்தும் ஆதாரில் வேறோர் எழுத்துமாக இருந்த என் பெயரைப் பார்த்துச் சிடுசிடுக்காமல் வழி சொன்ன அந்த அறைப் பெண்ணுக்கும் நன்றி. மதுரை பெரியாஸ்பத்திரியில் அட்டையைக் காட்டியதும் எல்லாம் நடந்துவிடவில்லை. ஆஞ்சியோ அறிக்கையை அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் காப்பீட்டுப் பிரிவுக்கு நான் ஐந்தாறு தடவை போய் நின்றிருப்பேன். அங்கிருந்தவர்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. டாக்டர்களையும் நர்சுகளையும் பற்றி நான் என்ன சொல்ல, ஆள் நடமாடுகிறார், அதுவே போதும். ரத்தம் கொடுக்க வேலைக்கு லீவு போட்டு வந்த நான்கு பையன்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு பாக்கி இருக்கிறது.

மேஸ்திரி அண்ணே, உங்கள் நோட்டு எங்கள் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் இவர் வாங்கிய முன்பணம் 1,500 எழுதியிருப்பதையும் பார்த்தேன். அந்தப் பக்கத்தை நாங்கள் கிழிக்கவில்லை.