கை ஓங்கினான், கை வைத்தான்

வர்ஜீனியா
செப்டம்பர் 6, 2020

அன்புள்ள கோமு,

முதலில் திட்டித் தீர்த்துவிடு, அப்புறம் படி. உன் பெண் கல்யாணத்துக்கு ஜூம் லிங்க் அனுப்பியும் நான் தலைகாட்டவில்லை. அங்கே காலை ஏழரை முகூர்த்தம் என்றால் இங்கே முந்தின நாள் இரவு பத்து மணி. பட்டுப்புடவையெல்லாம் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன்; மாப்பிள்ளை அழைப்புக்குள் தூங்கிவிட்டேன். இவர் எழுப்பவே இல்லை. விழித்தபோது திரையில் சாப்பாட்டுப் பந்தியும் உன் சம்பந்தியின் முதுகும்தான் தெரிந்தன. ஐம்பது பேர் கணக்கில் பெரியத்தையை எப்படிக் கழித்தாய், அதை மட்டும் தனியாக எழுது. கழிக்கவில்லை, வேறு யாரையோ கழித்தாய் என்றால் அதையும் எழுது.

இங்கே எல்லாரும் நலம். இவருக்கு வீட்டிலிருந்தே வேலை. என் சமையலறை மேஜை இப்போது அவர் ஆபீஸ்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக ஒரு வினைச்சொல் என்னைத் தூங்கவிடவில்லை. சிரிக்காதே. நீ வக்கீல் என்பதால் உன்னிடம்தான் சொல்ல முடியும். இவரிடம் சொன்னால் "அதான் முடிஞ்சிடுச்சே" என்கிறார்.

கோர்ட்டில் எப்போதாவது மொழிபெயர்க்கப் போவேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஓவர்ஸ்பீடிங், வாடகைத் தகராறு, அவ்வளவுதான். ஆகஸ்ட் நடுவில் கூப்பிட்டார்கள். குற்றம் 'அசால்ட் அண்ட் பேட்டரி', அதுவும் போலீஸ்காரர் மேல். பேட்டரி என்றதும் எனக்கு நம் சோமுவின் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கெல்லாம் இங்கே எத்தனை வருஷம் போடுவார்கள் என்று நினைத்து, மாஸ்குக்குள் சிரித்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஊரும் பெயரும் சொல்ல மாட்டேன். பையனுக்கு இருபத்துமூன்று வயது, இங்கேயே பிறந்தவன். மனநிலை சரியில்லாதவன். மாத்திரை சாப்பிடும்வரை பரவாயில்லை, ஊரடங்கில் நிறுத்திவிட்டான். ஒரு நாள் ராத்திரி வீட்டுச் சாமான்களைத் தூக்கி எறிய ஆரம்பித்திருக்கிறான். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். அம்மா பயந்துபோய் 911-க்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று நினைத்துத்தான் போட்டார். வந்தது இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் பையனின் முழங்கையைப் பிடித்தார். அந்த இடத்தில் அவன் என்ன செய்தான் என்பதுதான் வழக்கே.

அந்த அம்மாவை அரசுத் தரப்பு சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். நீயாக இருந்தால் பிறழ் சாட்சி ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய். இருபது வருஷத்துக்கும் மேலாக இங்கே இருந்தவர், கடை கண்ணியில் பேசும் இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் சத்தியப்பிரமாணம் எடுத்ததும் தமிழ் மட்டும்தான் வந்தது. இடது கையால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காற்றில் ஒரு வீசு வீசிக் காட்டி, "அவங்க கையைப் பிடிச்சாங்கம்மா, இவன் தட்டிவிட்டான்" என்றார்.

தட்டிவிட்டான். நீ சொல், இதை எப்படி மாற்றுவாய்? சேலையில் ஒட்டிய தூசியையும் தட்டிவிடுகிறோம். தோளில் கை போட்டவன் கையையும் தட்டிவிடுகிறோம். 'பளார்' என்று ஒரு அடி போட்டாலும் அதே சொல்தான். அரை நொடி யோசித்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். 'ஹிட்' என்று சொல்லிவிட்டேன். கையை அடித்து விலக்கினான் என்கிற மாதிரி.

அரசு வக்கீலின் பேனா ஓடியது. அதைப் பார்த்ததும் என் வயிற்றில் என்னவோ செய்தது. எங்கள் தொழிலில் 'நான்' என்று சொல்லக் கூடாது. சாட்சி பேசுவதுதான் 'நான்'. நமக்காகப் பேசினால் "மொழிபெயர்ப்பாளர்" என்றுதான் பேச வேண்டும். கையைத் தூக்கினேன். "மொழிபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறார்." இந்தச் சொல்லில் அடியும் உண்டு, அடியில்லாத விலக்கலும் உண்டு, எது என்று சாட்சியைத்தான் கேட்க வேண்டும் என்றேன். நீதிபதி நல்ல மனிதர், தலையாட்டி, கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அதான் சொன்னேனேம்மா, தட்டிவிட்டான்" என்று மறுபடியும் அதே சொல், அதே கைவீச்சு.

போலீஸ்காரரும் சாட்சி சொன்னார். சின்னப் பையன்தான். காயம் எதுவும் இல்லை என்று அவரே சொன்னார், பெரிதுபடுத்தவும் இல்லை. வெளியே வரும்போது அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுத இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

இடைவேளையில் பையனின் வக்கீலிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இடைவேளையில் வக்கீலிடம் பேசக் கூடாது, தெரியும், கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்" என்றார். எனக்கு ஆறுதல் வர வேண்டியது, அதற்குப் பதில் கோபம்தான் வந்தது.

கேள். இங்கே அசால்ட் வேறு, பேட்டரி வேறு. நம் ஆட்கள் சண்டையில் சொல்வதை அப்படியே வைத்துக்கொள்: கை ஓங்கினால் அசால்ட், கை வைத்தால் பேட்டரி. தமிழில் இவ்வளவு அழகாகப் பிரித்து வைத்திருக்கிறோம், ஆனால் நான் இதுவரை பார்த்த மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் 'தாக்குதல்' என்றே போட்டு முடித்துவிடுகிறார்கள். சட்டப் புத்தகத்தில் 18.2-57ஆவது பிரிவில் தண்டனை மட்டும்தான் இருக்கிறது. எது அசால்ட், எது பேட்டரி என்று அங்கே விளக்கமே கிடையாது. விளக்கம் இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்திலிருந்து தீர்ப்புகள் வழியாக வந்தது. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதிய மெக்காலே எவ்வளவோ தேவலை. முஷ்டியை ஆட்டினால் என்ன, கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்த்தால் என்ன என்று 351-இல் கதை கதையாக உதாரணம் எழுதி வைத்துவிட்டுப் போனான். இங்கே கோபத்தோடு தொட்டாலே போதும். வலிக்க வேண்டாம், வீங்க வேண்டாம். எச்சில் துப்பினாலும் பேட்டரிதான்.

உன் கோர்ட்டில் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பி எங்கே, காயச் சான்று எங்கே, சாதாரணக் காயமா கொடுங்காயமா என்று ஒரு பாடு படுத்துவாயே! பல் போனால் சொல் போச்சு என்பார்கள், பல் போனால் 325 என்பாய் நீ. இங்கே அந்தப் படிக்கட்டு அடிபட்ட அளவில் மட்டும் ஏறுவதில்லை, அடிபட்ட ஆளைப் பார்த்தும் ஏறுகிறது. பக்கத்து வீட்டுக்காரனை ஒரு தட்டு தட்டினால் சிறுகுற்றம்: அதிகபட்சம் 12 மாத ஜெயில், 2,500 டாலர் அபராதம். நீதிபதி நினைத்தால் ஜெயிலே இல்லாமலும் விடலாம். பள்ளிக்கூட ஆசிரியர் என்றால் குறைந்தது 15 நாள், அதில் 2 நாள் தப்பவே முடியாது. அதே தட்டு போலீஸ்காரர், நீதிபதி, தீயணைப்புக்காரர் மேல் விழுந்தால் ஆறாம் வகுப்புப் பெருங்குற்றம், 5 வருஷம் வரை போகலாம். அதில் 6 மாதம் கட்டாயம். கட்டாயம் என்றால் நீதிபதி அழுதாலும் குறைக்க முடியாது.

உங்கள் 353-ஐ நினைத்துப் பார். அரசு ஊழியர் மேல் கை வைத்தால் அதிகபட்சம் 2 வருஷம். குறைந்தபட்சம் என்று ஒன்றுமே இல்லை. ஜாமீனுக்கு நாயாக அலையவிடுவார்கள், அது தெரியும். ஆனால் கடைசியில் நீ எழுந்து நின்று, முதல் குற்றம், வயதான அம்மா, 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் என்று உருகினால் மாஜிஸ்திரேட் மனமிரங்க ஒரு இடம் இருக்கிறது. எத்தனை பேரை அப்படிக் கூட்டிவந்திருக்கிறாய். இங்கே அந்த இடத்தைச் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டார்கள். ஜூரி குற்றவாளி என்று சொன்னால் தண்டனையையும் ஜூரியே சொல்லும், ஆனால் அவர்களும் ஆறு மாதத்துக்குக் கீழே இறங்க முடியாது. அந்த ஆறு மாதத்தைக் கத்தி மாதிரி மேலே தொங்கவிட்டு, கீழே பேரம் பேசுகிறார்கள்: சிறுகுற்றம் என்று ஒத்துக்கொள், பெருங்குற்றத்தை விட்டுவிடுகிறோம். பெருங்குற்றம் என்று முத்திரை விழுந்தால் இந்த மாநிலத்தில் ஓட்டும் போய்விடும். கவர்னர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு. தாங்கிக்கொள்ள முடியாதவன் எதற்கும் தலையாட்டுவான், இல்லையா?

இதை மாற்றத்தான் இப்போது ஒரு மசோதா வந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் புலம்பல் இன்றைக்கு. எஸ்.பி. 5032. ஸ்காட் சுரோவெல் என்ற மாநில செனட்டர் கொண்டுவந்தது, அவரும் வக்கீல்தான். அந்த ஆறு மாதக் கட்டாயத்தை எடுத்துவிட வேண்டும். காயம் இல்லையென்றாலோ, மனநலமோ உடல்நலமோ குன்றியவர் என்றாலோ சிறுகுற்றமாகக் குறைக்க வழிவிட வேண்டும் என்பது அதன் சாரம். மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்றதற்கு அப்புறம் ஊரே தெருவில் இறங்கியதே, அதன் தொடர்ச்சியாகத்தான் போலீஸ் சீர்திருத்தத்துக்கும் பட்ஜெட்டுக்கும் சிறப்புக் கூட்டத்தொடர் போட்டார்கள். ஆகஸ்ட் 18-இல் ஆரம்பித்தது. கரோனா இடைவெளிக்காக செனட்டர்கள் நாற்பது பேரும் ரிச்மண்டில் அறிவியல் அருங்காட்சியகத்தில் கூடுகிறார்கள்! கீழவை முதல் நாள் கூடைப்பந்து மைதானத்தில். அப்புறம் அவரவர் வீட்டிலிருந்து கணினியில். உன் பெண் கல்யாணம் மாதிரியேதான், பந்தி மட்டும் இல்லை.

செனட்டில் ஆகஸ்ட் கடைசி வாரம் நிறைவேறிவிட்டது. இனி கீழவை. அங்கே இருந்துதான் எனக்குப் பயம். போலீஸ் சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. போலீஸ்காரனை அடிக்க லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று பேச்சு. இவரே சாப்பிடும்போது, "யூனிபார்ம் மேல கை வைக்கிறவனுக்கு ஆறு மாசம்கூட வேண்டாமா?" என்றார். வேண்டும்தான், நிஜமாக அடித்தவனுக்கு. ஐந்து வருஷம் வரை கொடுக்க இந்த மசோதாவிலும் தடை இல்லையே. அடிவயிற்றில் உதைத்தவனையும் முழங்கையை உதறிக்கொண்டவனையும் ஒரே தராசில் வைக்காதே என்றுதானே கேட்கிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், ரசம் ஆறிவிட்டது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் காவல் சாவுச் செய்தி வந்த ராத்திரி நீ எனக்கு ஒரு வரி அனுப்பினாய். இன்னும் போனில் அப்படியே இருக்கிறது. "நாம அடிக்கு செக்‌ஷன் தேடுறோம்டி, அவங்க அடிச்சா தேடுறதுக்கு ஆள் இல்ல." நான் அதற்குப் பதிலே போடவில்லை. என்ன போடுவது என்று தெரியவில்லை.

பையன் வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி, குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரிக்கு அனுப்பிவிட்டார். வேறென்ன செய்வார்? ஜூரி விசாரணைகள் கரோனாவால் நின்றிருக்கின்றன. எப்போது என்று யாருக்கும் தெரியாது. புதுச் சட்டம் வந்தால் என் பையனுக்கு ஆகுமா என்று அந்த அம்மா கேட்டார். அதை நம்பியிருக்க வேண்டாம் என்றார் வக்கீல். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அதில் சந்தேகத்துக்கு இடமில்லாத வார்த்தைகள்தான், கஷ்டமே இல்லாமல் வந்தன.

கார் நிறுத்துமிடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து, "நான் போன் போடாமலே இருந்திருக்கலாம் இல்லம்மா?" என்றார். சாட்சியோடு தனியாகப் பேசக் கூடாது என்பது விதி. சாவியைத் தேடுகிற மாதிரி பையைக் குடைந்துகொண்டு நின்றேன். நிஜமாகவே சாவி அடியில்தான் இருந்தது, ஆனாலும்.

அடுத்த தடவையும் என்னையே கூப்பிடுவார்கள். இந்தப் பக்கம் கோர்ட்டுக்குத் தமிழ் ஆட்கள் குறைவு. போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிறேன். போகவில்லை என்றால் யாரோ ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பார். அந்தக் கைவீச்சை அவர் பார்க்கவே மாட்டார்.

உன் கோர்ட்டில் முப்பது வருஷமாகத் தமிழில் வாக்குமூலம் வாங்கி, இங்கிலீஷில் எழுதுகிறதைக் கேட்டிருக்கிறாய். 'தட்டிவிட்டான்' என்பதை உங்கள் பெஞ்ச் கிளார்க்குகள் என்ன எழுதுவார்கள்? ஒரே வார்த்தையில் பதில் போடு. வியாக்கியானம் வேண்டாம், வக்கீலம்மா. அப்படியே கல்யாண போட்டோவும் அனுப்பு, சம்பந்தியின் முகம் தெரிகிற மாதிரி.

உன்
ஜானகி