செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

சபையோருக்கு வணக்கம்.

கலை விழா, விளையாட்டுப் போட்டி, தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எல்லாரும் என்னிடம் கேட்பது, வடதுருவத்துக்குக் கிட்ட உள்ள நோர்வேத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு நாங்கள் போன கயாக் (சிறு துடுப்புப் படகு) பயணத்தைப் பற்றித்தான் என்பதால் நேரே அதற்கு வருகிறேன்.

முதல் கூட்டத்திலேயே எதிர்ப்பு இருந்தது. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்து கை விறைக்க வேலை செய்தவர்களுக்கு, காசு கொடுத்துக் குளிர்கடலுக்குப் போவது விளங்கவில்லை. அப்புறம் கரடிப் பிரச்சினை. அங்கே குடியிருப்பைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். துவக்கும் கொண்டுபோவது வழக்கம். இதைச் சொன்னதும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே தம்பி இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன்.

ஜூலையில் ஐந்து பேர் போனோம். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யேர்பியனிலிருந்து கரையோடு கிழக்கே, சாஸன்ஃபியோர்ட் என்ற கடற்கழியைக் குறுக்கே கடந்து, பில்லேஃபியோர்டின் முடிவில் உள்ள நூர்டன்ஷோல்ட் பனியாறு வரை. எதிர்க்கரையில் பிரமிடன், 1998இல் ரஷ்யர்கள் கைவிட்டுப் போன நிலக்கரி ஊர். பனியாற்றுக்குக் கிட்டப் போகப் போகக் கடலில் பனித்துண்டுகள் நெருக்கமாயின. துடுப்பை நிறுத்திக் காது கொடுத்தால் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம். பனிக்குள் எத்தனையோ காலமாக அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள் உடைகிற சத்தமாம்.

இளையவர்கள் இன்னும் கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். விடவில்லை. பனிச்சுவர் எப்போது இடிந்து விழும் என்று யாருக்கும் தெரியாது. 1932இல் கிழக்குக் கிரீன்லாந்தில் கினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வுப் பயணி கயாக்கில் தனியாக சீல் வேட்டைக்குப் போனார். கவிழ்ந்தால் நிமிர்த்தும் வித்தையை இனுயிட் மக்களிடமே கற்றவர், வயது 25. கயாக் தலைகீழாக மிதந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

இரவிலும் வெயில். ஆளுக்கு இரண்டு மணி நேரம் கரடிக் காவல். நான் நாற்பது நிமிடம் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த கரடி கடைசியில் வெள்ளைக் கல்லாக முடிந்தது. மரமே இல்லாத அந்தக் கரையில் தேநீருக்கு விறகு கிடைத்தது பெரிய விஷயம். சைபீரிய ஆறுகள் அடித்து வந்து ஒதுக்கிய கட்டைகள்.

இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். திரும்பும்போது சாஸன்ஃபியோர்டில் காற்று எழும்பியதால் இரண்டு நாள் கரையில் கிடந்தோம். விமானம் தவறி, ஐந்து டிக்கெட் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. சங்கக் காசை வீணாக்கியதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைச் சீராக்க ஒரு நிமிடம், கைவிரல் விறைத்துப்போகப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். கயாக் கவிழ்ந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும். காத்திருக்கச் சொன்னது நான். டிக்கெட் காசுக்கு நானே பொறுப்பு. தவணையில் கட்டுகிறேன், சபை சம்மதித்தால்.

கடைசியாக, சங்கத்தின் பெரிய சுடுநீர்ப் போத்தலைக் காணவில்லை. பயணத்திலிருந்து அது திரும்பி வந்தது எனக்கு நிச்சயம். எடுத்தவர் பொங்கலுக்கு முன் கொண்டுவந்து தரவும்.