எடை மேடை சர்வீஸ் பொறியாளர்களுக்கு: சீரியல் கார்டு திருத்தங்களைக் கெர்னலுக்கே அனுப்புங்கள்

மணலி, மாதவரம், எண்ணூர் விரைவுச் சாலை, பொன்னேரி நெடுஞ்சாலை என்று வடசென்னை முழுக்க எடை மேடைகளையும் ஆலைக் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் பொறியாளர்களுக்கு வணக்கம்.

நானும் இதே வேலையில் இருப்பவன். நம் தொழிலில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை விடும்படி கேட்கத்தான் இந்த மடல். எடைக் கருவியை லினக்ஸ் கணினியோடு இணைக்கும் சீரியல் கார்டு தகராறு செய்தால், தொடக்க ஸ்கிரிப்டில் போர்ட்டின் அமைப்பை மாற்றும் செட்சீரியல் கட்டளையைப் போட்டு ஓட்டிவிடுகிறோம். இன்னும் விவரம் தெரிந்தவர்கள் லினக்ஸின் மைய நிரலான கெர்னலையே திருத்திக் கம்பைல் செய்து பென் டிரைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த மேடை அன்றைக்கு ஓடிவிடும். கண்டுபிடித்த விஷயம் மட்டும் அந்தப் பென் டிரைவைத் தாண்டுவதில்லை. அதே கார்டை வாங்கிய அடுத்த ஆள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்டு அடியோடு செத்துப்போனால் கவலையில்லை, மாற்றிவிடலாம். சில நேரம் வரும், சில நேரம் வராது என்ற ரகம்தான் ஆளைக் கொல்லும். இதற்குச் சான்று கெர்னலின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு செமிகண்டக்டரின் பிசிஐ எக்ஸ்பிரஸ் சிப்புகளுக்குக் கடிகாரம் 62.5 மெகாஹெர்ட்ஸ். 16ஆல் வகுத்தால் அடிப்படை வேகம் 39,06,250. கார்டை இயக்கும் டிரைவர் நிரலிலோ பல வருடங்களாக 40,00,000 என்று இருந்தது, 2021இல்தான் திருத்தினார்கள். அதுவரை 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகம் கேட்டால் கெர்னல் அடிப்படை வேகத்தை 417ஆல் வகுத்துக் கொடுத்தது. உண்மையில் கிடைத்த வேகம் ஏறக்குறைய 9368. பிழை 2.4 சதவீதம்.

இது சின்னப் பிழைதானே என்று தோன்றும். ஒவ்வொரு எழுத்தின் தொடக்க பிட்டிலும் சிப் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அங்கிருந்து பத்தாவது பிட்டின் நடுவுக்கு வரும்போது கணக்கு ஏறத்தாழ கால் பிட் விலகியிருக்கும். அரை பிட் வரை தாங்கும் என்பதால் மேசையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். எதிர்முனையில் எடையைக் காட்டும் இண்டிகேட்டரின் கடிகாரமும் மறுபக்கம் கொஞ்சம் சாய்ந்து, மேடையிலிருந்து அறை வரை நீளமான கேபிளும் சேர்ந்தால் எழுத்தின் முடிவு தவறாகப் படிக்கப்படும் ஃபிரேமிங் பிழை வரத் தொடங்கும். எடையில் ஓர் இலக்கம் விழுந்துபோகும். வந்த வரியின் நீளத்தைச் சரிபார்க்காத மென்பொருள் அதையே சீட்டில் அச்சடிக்கும். துறைமுகத்துக்குப் போகவேண்டிய டிரெய்லர் மறு எடைக்காக நிற்கும். பழியெல்லாம் எடையை உணரும் லோடு செல் மேலும் கேபிள் மேலும் போகும். நாமும் அவற்றை மாற்றிக்கொண்டிருப்போம்.

இப்படி எத்தனையோ கோணல்கள். பல நெட்மாஸ் சிப்புகளில் எத்தனை சீரியல் போர்ட் என்பதைக் கெர்னல், கார்டின் அடையாளமான சப்சிஸ்டம் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து முடிவுசெய்கிறது. ஐபிஎம் சப்சிஸ்டம் எண் கொண்ட ஒரு கார்டுக்கு மட்டும் தனி விலக்கு எழுத வேண்டியிருந்தது. சில சிப்புகள் அனுப்பும் இடம் காலியானதும் இன்டரப்ட் (கணினியை அழைக்கும் சைகை) தர மறந்துவிடும். கெர்னல் போர்ட்டைத் திறக்கும்போதே இதைச் சோதித்து, தேவைப்பட்டால் ஒரு மாற்று டைமரை வைத்துச் சமாளிக்கிறது. எங்கோ ஒருவர் இதே தொல்லையை அனுபவித்து, அதை எழுதி அனுப்பியதால்தான் இவையெல்லாம் இன்று நமக்குத் தானாகக் கிடைக்கின்றன.

நம்மிடமிருந்தும் போக வேண்டும் என்கிறேன். தேவையானவை அதிகமில்லை. எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் வெண்டர், டிவைஸ், சப்சிஸ்டம் எண்கள். கார்டின் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலின் மேல் அச்சிட்டிருக்கும் அதிர்வெண். முக்கியமாக, பெட்டியைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரே பெட்டி, ஒரே படம், உள்ளே வேறு சிப் என்பது நாம் அடிக்கடி பார்ப்பதுதான். கார்டைக் கையில் எடுத்து சிப்பின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். என்ன அனுப்பினீர்கள், என்ன வந்தது, எந்த வேகத்தில் கெட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான கார்டுகளுக்குத் திருத்தம் 8250 பிசிஐ டிரைவரின் அட்டவணையில் சில வரிகளோடு முடிந்துவிடும். புதிய சாதன எண்ணைச் சேர்ப்பதும் வன்பொருள் கோணலைச் சரிசெய்வதும் ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் (ஏற்கனவே வெளியாகித் திருத்தங்களை மட்டும் பெறுபவை) ஏற்கப்படும் என்பது கெர்னல் குழுவினரின் விதி. ஆகவே புதிய பதிப்பு வரும்வரை வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. இப்போது ஓடும் கெர்னலின் அடுத்த அப்டேட்டிலேயே வந்து சேர வாய்ப்புண்டு. முதல் முறை அனுப்பியதைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்வார்கள். மனம் விட்டுவிடாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் விளக்கம் எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் கார்டையும் குறிப்புகளையும் கொண்டுவாருங்கள், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறேன். திருத்தத்தை அனுப்புபவர் பெயரிடும் சைன்டு-ஆஃப்-பை வரியில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும், கண்டுபிடித்தவர் நீங்கள்.