பங்குனியில் குரங்கணிக்கு ஆள் அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வெயில் ஏறுவதற்கு முன் மலையேறப் போகலாம் என்று ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மார்ச் மாதத்துக்கு ஏற்ற இடங்கள் என்ற பட்டியலில், தேனி மாவட்டத்தில் போடிக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குரங்கணியும் இருந்தது. வசந்தத்தில் மலை பச்சைப்பசேல் என்று இருக்கும் என்கிறார் கட்டுரையாளர். இருக்காது, ஐயா. மாசி கடைசியும் பங்குனியும் போடியில் இலவங்காய் வெடிக்கிற காலம். மேலே மலையில் தீக்காலம். ஒரு பக்கம் முழுக்க எழுதியவர் தீயைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் போடியில் ஜீப் ஓட்டுகிறேன். வார நாட்களில் விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவேன். சனி, ஞாயிறு என்றால் பெரும்பாலும் குரங்கணி சவாரிதான். முந்தலில் ரோடு போடிமெட்டுக்கும் குரங்கணிக்கும் இரண்டாகப் பிரியும். வலது இடது எல்லாம் பார்க்க வேண்டாம், அங்கே வண்டியை நிறுத்தி மேல்சரிவை நிமிர்ந்து பார்த்தாலே போதும். தை வரைக்கும் பச்சை நிற்கும். மாசி பாதியில் பழுப்பு இறங்க ஆரம்பிக்கும். பங்குனியில் முழுச் சரிவும் வைக்கோல் நிறம். ஆளுயரப் புல், தொட்டால் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்து நிற்கும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்து அடிக்கும், தீப்பிடித்தால் தீயும் அதே வழியில்தான் ஏறும். சரிவில் மேல்நோக்கி வருகிற தீயை மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது. புகையைக் கண்டால் மேட்டைப் பார்த்து ஓடாதே, பாறைக்குப் போ, இல்லாவிட்டால் எரிந்து முடிந்த கரிக்காட்டுக்குள் போய் நில் என்று மலையில் இருக்கிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சென்னையிலிருந்து இரவு ரயில் பிடித்து வருகிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. அதைப் போடிக்காரர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. உங்கள் கட்டுரையாளருக்குத்தான் நினைவுபடுத்த வேண்டும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் ஒத்தமரம் பக்கம் தீயில் சிக்கினார்கள். சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள், பெண்கள் நிறையப் பேர். அன்றைக்கும் மறுநாளும் இறந்தவர்கள் போக, ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து போனவர்களையும் சேர்த்து 23 உயிர். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் வந்தார்கள், உண்மைதான். ஆனால் முதலில் மேலே ஏறியது கீழே இருந்த ஊர்க்காரர்கள். இருட்டில், போர்வையைக் கம்பில் தொட்டிலாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அரசு விதிமுறை கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று திட்டம் தொடங்கி 40 பாதைகளை ஆன்லைனில் பதிவு செய்கிற மாதிரி ஆக்கினார்கள். எங்கள் பக்கம் குரங்கணி - சாம்பலாறு பாதை அதில் இருக்கிறது. மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூடியும் வைக்கிறார்கள். அதுவும் சரிதான். எனக்குச் சவாரி கைவிட்டுப் போகிறது, போகட்டும்.

சிக்கல் என்னவென்றால், உங்கள் கட்டுரை மாதிரி ஒன்றைப் படித்துவிட்டுக் கிளம்பி வருகிறவர், பாதை மூடியிருக்கிறது என்றவுடன் திரும்பிப் போவதில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்று என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான்: “அண்ணே, சூரியநெல்லியில கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் குரங்கணியில வந்து ஏத்திக்க முடியுமா?” கொழுக்குமலை நம் தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் போகிற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அங்கே காசு கொடுத்து ஜீப்பில் ஏறிச் சூரிய உதயம் பார்க்கலாம், அதில் தப்பில்லை. அங்கிருந்து நடந்து இந்தப் பக்கம் இறங்குவதுதான் வம்பு. 2018-ல் போனவர்கள் இறங்கியதும் அதே சரிவில்தான். மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் வழிக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள் என்று அப்போதே அரசுத் தரப்பில் சொன்னார்கள். கேட்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். பாதிப் பேர் சரி என்பார்கள். மீதிப் பேர் அடுத்த ஜீப்பிடம் போய்விடுவார்கள். 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்ப வந்த பிறகு இந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. எனவே மூடியிருக்கிறது என்ற அறிவிப்பை வெப்சைட்டில் மட்டும் வைத்தால் காணாது. போடி ரயில் நிலையத்திலும், முந்தலிலும், சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டிலும் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய போர்டாக வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பாதையை மூடினால் வழிகாட்டிப் பிள்ளைகள் அந்த இரண்டு மாதம் என்ன செய்வார்கள்? ஆள் வந்தால்தானே அவர்களுக்குக் காசு. அவர்களில் ஒருவன் போன வருடம் என் ஜீப்பிலேயே ஏலத்தோட்டக் கூலிக்கு வந்தான். எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் புல் முதலில் காயும் என்று அறிந்தவன், தீ வருகிற மாதத்தில் மலையை விட்டு அடுத்த மாநிலத்துக்குக் களை எடுக்கப் போகிறான். இதைவிடக் கேடு உண்டா? தை முடியுமுன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டவும், மூடியிருக்கிற நாட்களில் மேட்டில் உட்கார்ந்து புகை பார்க்கவும், வழிமறித்துத் திருப்பி அனுப்பவும் இவர்களையே வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டியாகப் போனால் என்ன கிடைக்குமோ அதே கூலி கொடுத்து. பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் யார் கோபப்படப் போகிறார்கள்?

வரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தையில் வாருங்கள். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் இருக்கும், காலையில் மேகம் முதுவாக்குடிக்குக் கீழே கிடக்கும். டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர் கேட்டுவிட்டு மேலே ரயில் ஓடுகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடியதுதான். மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் சென்ட்ரல் வழியாக அடிவாரத்துக்கு இறக்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. வழிகாட்டி கூட வந்தால் இதையெல்லாம் நின்று சொல்வார்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். மாசி, பங்குனியில் குரங்கணி, கொழுக்குமலைச் சரிவில் நடக்கக் கூடாது. பதிவு செய்யாமல் எந்த மாதமும் ஏறக் கூடாது. சூரியநெல்லி வழியாக ஏறி இந்தப் பக்கம் இறங்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் போதும். போட்டால் அந்தப் பக்கத்தை வெட்டி என் ஜீப் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன், வாய் வலிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஜீப் ஓட்டுநர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.