காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை

ஆசிரியருக்கு,

சிக்குன்குனியா காய்ச்சல் ஐந்தே நாளில் விட்டது. மூட்டுவலி எட்டு மாதமாகியும் விடவில்லை. விடிகாலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து எடுத்த பிறகுதான் காபி டபராவையே தூக்க முடிகிறது. கொட்டான் முடைய உட்கார்ந்தால் ஓலை நழுவுகிறது. மருத்துவமனையில், "வயசாச்சுல்ல ஆச்சி" என்று அனுப்பிவிட்டார்கள். போன வருடமும் எனக்கு வயசு இருந்ததே! சிலருக்கு இந்த வலி மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கிலும் நீடிக்கும். வலியால் உடம்பு வளைந்துபோவதை வைத்துத்தான் ஆப்பிரிக்க மொழியொன்றில் இந்தப் பெயரே வந்தது. காய்ச்சல் கணக்கெடுக்க வருகிறவர்கள், காய்ச்சல் வந்து போனவர்களையும் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும். வாரம் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிசியோதெரபி கிடைக்குமா? அப்புறம், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றத்தில் தேங்கும் தண்ணீரையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு வாசகி,
காரைக்குடி