உன்னைக் கொன்றது ஓநாய் இல்லை

அன்புள்ள முரளி,

உன் மெசேஜ் வந்து இருபது நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, போனில் தட்டுகிற அளவுக்குள் இது அடங்காது என்றுதான் தள்ளிக்கொண்டே போனேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாஸ்கர் ஊருக்கே வந்துவிட்டான், அதே பாஸ்கர்தான், எது கேட்டாலும் குமார் அண்ணன் கம்ப்யூட்டர் கடையின் மூன்றாம் நம்பர் மிஷின் என்கிறான். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? சாந்தியை விசாரித்ததாகச் சொல்.

இப்போது உன் மரணத்துக்கு வருகிறேன்.

"மூணு நாள் பாடுபட்டு உயிரோட இருந்தேன்டா, ஒரு ஓநாய் வந்து அரை நிமிஷத்துல முடிச்சிட்டுது, சேவ் ஃபைலும் போச்சு, இதுக்குக் கவுண்டர்-ஸ்ட்ரைக்கே தேவலாம்" என்று எழுதியிருந்தாய். அந்த மெசேஜை நாலு தரம் படித்தேன். பனிக்காட்டில் தனியாக உயிர் பிழைக்க வேண்டிய தி லாங் டார்க் கம்ப்யூட்டர் விளையாட்டில் நீ என்னென்ன செய்தாய் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. உன்னைக் கொன்றது ஓநாய் இல்லை மாப்ள. உன் முதுகிலிருந்த எட்டுக் கிலோ.

கணக்குப் பார். அந்த விளையாட்டில் ஒரு ஆள் சிரமமில்லாமல் சுமக்கக்கூடியது 30 கிலோ. அதிலே கோஸ்டல் ஹைவே என்கிற பகுதியின் வீடுகளில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி நீ 38 கிலோவோடு கிளம்பினாய். சுமை கூடினால் நடை தளரும், சீக்கிரம் களைப்பு வரும், சரிவில் கால் பிசகும். மெதுவாகப் போனதால் இருட்டுவதற்குள் ஜாக்ராபிட் தீவு வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது என்று பயந்து, சுற்றி வராமல் கடல் பனிமேல் குறுக்கே நடந்தாய். பனி விரிசல் விடுகிற சத்தம் கேட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தச் சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். நீ வேகமாக முன்னால் போய் உள்ளே விழுந்தாய். ஜீன்ஸ், ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் நனைந்து விறைத்தது. ஈரத்துணி சூடு தராது. எப்படியோ ஒரு வீட்டுக்குள் போய்விட்டாய், ஆனால் பையில் டப்பா உணவு பதினொன்று, எரிக்க ஒரு கட்டைகூட இல்லை. அதனால் ராத்திரியில் சுள்ளி பொறுக்க வெளியே வந்தாய். ஓநாய் அங்கேதான் நின்றது.

அது கடைசி வரியில் வந்து கையெழுத்துப் போட்ட ஆள், அவ்வளவுதான். பத்திரம் எழுதியது முதல் நாள் மத்தியானம், நீ அந்தப் பதினோராவது டப்பாவை எடுத்தபோது.

இதைத்தான் உன்னிடம் ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டுமென்று இருந்தேன். குமார் அண்ணன் கடையில் நாம் ஆடிய கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்கிற ஷூட்டர், அதாவது சுடும் விளையாட்டு ஆகட்டும், இப்போது நீ ராத்திரி ஒரு மணி வரை ஆடுகிறதாகட்டும், அதிலெல்லாம் தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே கால் விநாடிதான். மூலையில் ஒருவன் இருக்கிறான், ஏகே துப்பாக்கித் தோட்டா தலையில் பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் ஒரே அடி, அடுத்த ரவுண்டில் மறுபடி உயிர். இப்போதைய ஆட்டத்தில் ஒரு ரவுண்டே 1 நிமிடம் 55 விநாடி, குண்டு வைத்தால் 40 விநாடி. அது ஒரு அழகான விளையாட்டு, நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் யோசித்துப் பார், அதில் நீ எத்தனை ஆயிரம் தடவை செத்திருப்பாய்? அதில் ஒன்றையாவது பற்றி எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாயா? இந்த ஒரு சாவை மட்டும் மணி வாரியாக எழுதினாய். ஒரே உயிர், செத்தால் சேவ் அழிந்துவிடும் என்பதால்தான் அந்த மூன்று நாளும் உனக்கு நினைவில் நின்றன.

இரண்டாவது, நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னைச் சங்கடப்படுத்தியது. "கை முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது, பசங்க என்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே சுட்டுடறானுங்க." டேய், நமக்கு நாற்பது நெருங்குகிறது. கை மெதுவாகத்தான் ஆகும். அதற்காக விளையாட்டையே விட்டுவிடலாமா என்று கேட்டாயே, அதைப் படித்தபின்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கை வேகத்தைக் கேட்காத விளையாட்டுகள் இருக்கின்றன. அவை கேட்பது முன்யோசனையை. அது உனக்கு இருபது வயதில் இருந்ததைவிட இப்போது நிறையவே இருக்கிறது. வீட்டில் கேஸ் தீருகிறதற்கு முன்னால் புக் பண்ணுகிற ஆளாக நீ மாறிவிட்டாய் என்று சாந்தியே சொன்னாளே.

சரி, மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று சொல்கிறேன். கோஸ்டல் ஹைவே வேண்டாம், ஓநாய் அதிகம். மிஸ்டரி லேக் பகுதியை எடு. சிரமநிலை வாயேஜரே இருக்கட்டும். ஊரும் பாதையும் மனதில் பதிய வேண்டுமென்றால் ஒரு வாரம் பில்கிரிம் என்கிற சுலப நிலையில் சுற்றிப் பார், அதில் ஓநாய் உன்னைக் கண்டால் ஓடும். இன்டர்லோப்பர் என்கிற கடின நிலைப் பக்கமே போகாதே. அங்கே துப்பாக்கியே கிடையாது, கையில் ஒரு தீக்குச்சிகூட இல்லாமல் இறக்கிவிடுவார்கள், அம்பு முனையை உலைக்களத்தில் 150 டிகிரி சூட்டில் நீயே அடித்துச் செய்ய வேண்டும். எந்த ஷூட்டரைத் தொட்டாலும் கடைசிச் சிரமநிலையிலேயே ஆரம்பிக்கிற உன் புத்தி எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன்.

எது முதலில் கொல்லும் என்பதை மனதில் வை. குளிர் முற்றிவிட்டால் உடல்நிலை மணிக்கு ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கும். தாகம் முற்றினால் மணிக்கு 2 சதவீதம். பசியும் களைப்பும் ஆளுக்கு 1 சதவீதம். அதாவது குளிரில் ஐந்து மணி நேரம், பட்டினியில் நான்கு நாள். நிஜ மலையிலும் காட்டிலும் வரிசை இதுதான், முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் சாப்பாடு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். டப்பாவைத் தேடுகிறார்கள், விறகை விட்டுவிடுகிறார்கள். நீயும் அதையேதான் செய்தாய்.

அதனால் நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆரம்பத்தில் நெருப்பு மூட்ட மூன்று வேண்டும்: தீக்குச்சி, பற்றவைக்கப் பேப்பர் அல்லது பஞ்சு மாதிரி ஒன்று, எரிய விறகு. கையில் சுள்ளி இருந்தால் ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம்தான் நிற்கும். நாற்காலி, பெட்டியை உடைத்த மரம் அரை மணி. சீடர் கட்டை ஒரு மணி, ஃபிர் கட்டை ஒன்றரை மணி, இரண்டுக்கும் கோடாலி வேண்டும். நிலக்கரி நல்ல சூடு, ஆனால் அதைக் கொண்டு ஆரம்பிக்க முடியாது, நெருப்பு கொஞ்ச நேரம் எரிந்து சூடேறிய பின்தான் ஏற்றுக்கொள்ளும். ஆகவே சுள்ளியில் மூட்டு, உடைத்த மரத்தில் பிடிக்கவை, அப்புறம் கட்டையைப் போடு. வெட்டவெளியில் மூட்டுவதாக இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, பாறை மறைவில் வை. காற்று திசை மாறினால் உன் கடைசித் தீக்குச்சியோடு சேர்த்து அணைத்துவிடும்.

எரிகிற நெருப்பை ஒருபோதும் சும்மா விட்டுவிட்டுக் கிளம்பாதே. அதிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை உருவிக்கொள். நடக்க வெளிச்சம், ஓநாய்க்குப் பயம், போய்ச் சேருகிற இடத்தில் அடுத்த அடுப்பை மூட்ட நெருப்பு, ஒரு தீக்குச்சி மிச்சம். காற்றடித்தால் கொள்ளி அணைந்துவிடும், அதனால் இது அமைதியான நாளுக்குத்தான். பூதக்கண்ணாடி ஒன்று கிடைத்தால் வெயில் நாளில் வெளியே தீக்குச்சியே இல்லாமல் மூட்டலாம். ஈரத்துணியைக் கழற்றி நெருப்புப் பக்கத்தில் தரையில் போட்டால் சீக்கிரம் காயும். உடம்பிலேயே காயட்டும் என்று இருந்துவிடாதே.

நெருப்பு எரிகிறபோதே தண்ணீர் வேலையை முடி. பனியை டப்பாவில் உருக்கினால் அது இன்னும் குடிநீர் இல்லை, மறுபடி கொதிக்கவிட வேண்டும். உருகிய உடனே எடுத்துக் குடித்தால் வயிற்றுக்கடுப்பு வந்து படுக்க வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்கு ஏரிக்கரையில் சம்பங்கோரை நிற்கும். தண்டு ஒன்று 150 கலோரி, அழுகாது, வாடை கிடையாது, தலைப்பஞ்சு நெருப்புப் பற்றவைக்க உதவும். உன் டப்பாக்களைவிட அது மேல். இறைச்சியோ வாடை வீசும், பச்சை இறைச்சியைப் பையில் வைத்து நடந்தால் ஓநாய் தூரத்திலேயே மோப்பம் பிடிக்கும். வெட்டிய இறைச்சியை வீட்டு வாசலுக்கு வெளியே பனியில் போட்டு வை, உள்ளே வைப்பதைவிட மெதுவாகக் கெடும்.

துப்பாக்கி இருக்கிறதே என்று கேட்பாய். இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு வகை விளையாட்டுக்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரியும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் முப்பது தோட்டாவைச் சுவரில் கொட்டிவிட்டு ரீலோட் பண்ணுவாய். இங்கே உன்னிடம் ஐந்து தோட்டா இருக்கும், அந்த ஐந்தும் ஐந்து மான். மானில் எட்டுக் கிலோ கிடைத்தது என்று வை, சமைத்த இறைச்சி கிலோவுக்கு 800 கலோரி, மொத்தம் 6400, இரண்டரை நாள் சாப்பாடு. களைத்திருந்தால் குறி ஆடும். அதனால் தூங்கி எழுந்து காலையில் போ. காற்று மானின் பக்கத்திலிருந்து உன் முகத்தில் அடிக்கும்படி நில். குனிந்தே நகரு. உயிர்நிலையில் படாவிட்டால் மான் ஓடும், பனியில் சிவப்புச் சொட்டுகள் விழுந்துகொண்டே போகும். உடனே துரத்தாதே, சொட்டு வழியே மெதுவாக நட. காற்று எழும்பினால் பனி வந்து சொட்டுகளை மூடத் தொடங்கும். அப்போது தலையை நிமிர்த்தி வானத்தைப் பார், காகங்கள் வட்டமிடுகிற இடத்துக்குக் கீழே செத்த உடல் ஏதோ கிடக்கிறது. நேரம் கடந்து போனால் உடல் கல்லாக உறைந்திருக்கும், கையால் பிய்க்க முடியாது. பக்கத்திலேயே ஒரு நெருப்பு மூட்டினால் இளகும். தோலையும் குடலையும் விடாதே. குடல் ஐந்து நாள், மான்தோல் ஐந்து நாள் வீட்டுக்குள் காய வேண்டும். குடல் காய்ந்தால் தூண்டில் கயிறு.

ஒரே ஒரு தோட்டாவுக்கு இவ்வளவு. இந்தப் பத்தியில் ஒரு விநாடிதான் நீ சுட்டாய்.

ஓநாய் பின்தொடர்ந்தால் ஓடாதே, ஓடினால் பாயும். கொள்ளியையோ ஃபிளேர் என்கிற சுடர்க் குழாயையோ முன்னால் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கு, அல்லது ஒரு துண்டு இறைச்சியைக் கீழே போட்டுவிட்டு விலகு. கடித்துவிட்டால் முதலில் கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்து, அடுத்து காயத்தைச் சுத்தம் செய். மருந்து இல்லையென்றால் மரக்கிளையில் தாடி மாதிரி தொங்குகிற பாசி மூன்று சேர்த்தால் ஒரு கட்டு. நாம் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசிக்கு உறவுதான் அது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிஜ ஓநாய்கள் பெரும்பாலும் மனிதனைக் கண்டால் ஒதுங்கிப்போகும், இதில் வருகிறவை அப்படியில்லை. பசிக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, படுக்கப் போகும்போது மட்டும் கொஞ்சம் தின்றால் தூக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இதைச் செய்த கனடாக்காரர்கள், ஹின்டர்லேண்ட் ஸ்டூடியோ, அதற்குத் தடை போடாமல் வேறொன்று செய்தார்கள். மூன்று நாள் பட்டினியில்லாமல் சாப்பிட்டால் 5 கிலோ கூடுதலாகச் சுமக்கலாம் என்று வைத்தார்கள். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவனுக்கு பலம் இருக்கும் என்பது நம் ஆத்தாமார் சொன்னதுதானே.

பனி அலுத்துப்போனால் கிரீன் ஹெல் இருக்கிறது, போலந்துக்காரர்கள் செய்தது, அமேசான் காடு. அதில் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து அட்டையைப் பிடுங்க வேண்டும். பாதித் தேங்காயை நெருப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்கவிடலாம், கொட்டாங்குச்சியைப் பார்த்ததும் உனக்கு ஊர் ஞாபகம் வரும். எதிரே ஆள் வேண்டும், துப்பாக்கிச் சத்தம் வேண்டும் என்றால் டேஇசட் என்கிற விளையாட்டு. 225 சதுர கிலோமீட்டர் நிலம், குளத்துத் தண்ணீரை அப்படியே குடித்தால் காலரா. அதில் ஒரு தோட்டா வருவதற்கு முன் நாற்பது நிமிடம் நடந்திருப்பாய், அதனால் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கும்.

ஆனால் முதலில் மிஸ்டரி லேக். விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் இரண்டு மணி நேரம், ஒரு ராத்திரிக்கு ஒரு நாள் போதும், பன்னிரண்டுக்குப் படுத்துவிடலாம். ஏரிக்கரையில் கேம்ப் ஆபீஸ் என்று மாடி வீடு இருக்கிறது, மேலே கட்டில், கீழே அடுப்பு. நேராக அங்கே போ. வழியில் சுள்ளியைத் தவிர வேறு எதையும் எடுக்காதே, இருபதாவது சேரட்டும். முதல் ராத்திரி கழிந்ததும் எனக்கு எழுது. எத்தனை தீக்குச்சி மிச்சம் இருக்கிறது, அதை மட்டும் சொன்னால் போதும், மற்றதை நானே தெரிந்துகொள்வேன்.

உன்,
செல்வம்